ஒளியை ஒளி தடுக்குமா?



மூன்று மாதங்களுக்கு முன் இப்பகுதியில் ஒளியைப் பற்றி எழுதுகையில், "ஒளியை ஒளி ஒருபோதும் தடுக்காது, இரு டார்ச் விளக்குகளின் கதிர்கள் குறுக்கே சந்தித்தாலும் ஒன்று மற்றொன்றை அறியாமலே தன் வழியே போய்விடும்" என்று குறிப்பிட்டிருந்தோம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல் வாழ்வதற்கு அதனை உவமையாகவும் காட்டியிருந்தோம். உவமை நன்றாயிருந்ததென்று சிலர் எழுதினார்கள். ஒரு கடிதம் மட்டும் வேறு விதமாக வந்தது.

எழுதியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண். பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் கிடைத்து, வீட்டாரின் சம்மதத்திற்காகக் காத்திருப்பவர். "தாங்கள் எழுதியது காற்றுக்கும் சன்னல் கண்ணாடிக்கும் பொருந்தும், ஃபாதர். நான் ஆராயப்போகும் பொருளில் ஒளியை ஒளி தடுக்கிறது; ஒளிக்கு ஒளி வழியும் திறக்கிறது. அப்பா தங்கள் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, 'சாமியே எழுதிவிட்டார், தடுக்காது என்று. இல்லாத ஒன்றைத் தேடி ஐந்து வருடம் போக்கப் போகிறாயா?' என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?" என்பது கடிதத்தின் சாரம்.

தந்தை லேத்துப் பட்டறை நடத்துபவர். அச்சில் வந்ததை நம்புகிற மனிதர். நாம் உவமைக்காக எழுதிய ஒரு வரி அவர் வீட்டு வாசலில் தடைக்கல்லாகக் கிடக்கிறது என்றறிந்த பின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. அப்பெண் அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்தோம். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில் நாம் கற்ற பௌதிகம் கொஞ்சம். அதிலும் மறந்தது பாதி. ஆகவே கணக்குகளை விட்டுவிட்டு, நமக்குத் தெளிவானதை மட்டும் இங்கே தருகிறோம்.

நாம் எழுதியதில் உண்மை எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். ஒளி கண்ணாடியினூடே செல்லும்போது அதிலுள்ள எலக்ட்ரான்களைச் சற்றே அசைக்கிறது. ஒளி இரு மடங்கானால் அசைவும் இரு மடங்காகும். இந்த நேர் விகிதம் கெடாதவரை, ஒரு கதிர் மற்றொரு கதிருக்குத் தடையாவதில்லை. இன்று கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளில் பல அலைநீளங்களைக் கொண்ட ஒளிக்கதிர்கள் ஒரே இழையில் ஒன்றாகப் பயணம் செய்து, அக்கரையில் கலவாமல் தனித்தனியே பிரிந்து இறங்குவதற்கு இதுவே காரணம். தூதனுக்கு இது சிறந்த குணம்.

ஆனால் வாயிற்காவலனுக்கு இது ஆகாத குணம். மின்சாரத்தில் எலக்ட்ரான் எலக்ட்ரானை விலக்குகிறது. எனவே ஒரு சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறக்கலாம், மூடலாம். டிரான்சிஸ்டரும் கம்ப்யூட்டரும் அதன்மேல் எழுந்தவையே. ஒளியில் அப்படிச் செய்ய இயலாததால், இழை வழியாக வரும் ஒளிச் செய்தி இணைப்பு நிலையங்களில் மின்சாரமாக மாற்றப்பட்டு, "இது இங்கே, அது அங்கே" என்று பிரிக்கப்பட்டு, மீண்டும் ஒளியாக மாற்றப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் மின்சாரம் செலவு, வெப்பம் மிச்சம். ஒளியே ஒளிக்குக் கதவு திறக்குமானால் இந்த இரட்டை வேலையில் ஒரு பகுதியாவது குறையும். ஆராய்ச்சியாளர் இதன்மேல் கண்வைத்தது அதனால்தான்.

நேர் விகிதம் என்றோமே, அது முற்றான சட்டம் அன்று. இதை முதலில் தொட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கெர். 1824இல் பிறந்த இவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபின் இறையியல் படித்தவர். ஆயினும் போதகராகாமல், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தே காலம் கழித்தார். (நம் தொழிலுக்கு வர இருந்து தப்பியவர் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார்.) 1875இல் கெர் ஒரு கண்ணாடிக் கட்டியில் துளையிட்டு, கம்பிகளை நுழைத்து, வலிய மின்னழுத்தம் தந்து, கண்ணாடியின் ஒளிவிலகும் தன்மையே மாறுவதைக் கண்டார். ஒளியும் ஒருவகை மின்புலமே. ஆகவே ஒளி போதிய அளவு வலுத்தால் தான் செல்லும் கண்ணாடியைத் தானே மாற்ற வேண்டும். ஆனால் மெழுகுவர்த்தியும் சூரியனும் அதற்குப் போதா. 1960இல் லேசர் பிறக்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

லேசர் வந்த மறு ஆண்டே, 1961இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் தோழர்களும் சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் பாய்ச்சினார்கள். உள்ளே சென்ற ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே வந்ததில் சரிபாதி அலைநீளமான 347 நானோமீட்டரும் மிக மெல்லிதாகக் கலந்திருந்தது. இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. நேர் விகிதம் உடைந்தது. சான்றாக, புகைப்படத் தகட்டில் பதிந்த சின்னஞ்சிறு புள்ளியை அம்புக்குறி இட்டுக் காட்டிப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அச்சுக்கு ஆயத்தம் செய்தவர்கள் அதனைத் தூசி என்று கருதித் துடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அச்சில் வந்த படத்தில் அம்புக்குறி இருக்கிறது. அது காட்டும் இடத்தில் ஒன்றுமில்லை! நம் இதழின் அச்சுப்பிழைகளைப் பற்றி இனி நாம் குறைகூறப் போவதில்லை.

இங்கே ஒரு சிக்கல். மேற்கண்டவற்றுக்கெல்லாம் அசுர வலிமையுள்ள ஒளி வேண்டும். செய்தி கொண்டுவரும் ஒளியோ மிக மெலிந்தது. மெலிந்த ஒளியைக் கொண்டு பொருளை மாற்றுவது எவ்வாறு? அதனை மிகச் சிறிய இடத்தில் ஒடுக்க வேண்டும். ஒடுக்கியதை நெடுநேரம் வைத்திருக்கவும் வேண்டும். உள்ளே வருவது துளித்துளியாயினும் சேர்ந்து நிறையும் அல்லவா? ஆனால் ஒளியை எதற்குள் அடைப்பது? உலோகக் கண்ணாடி ஒவ்வொரு மோதலிலும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். லட்சம் முறை மோதினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதற்கு விடையாக வந்ததே ஒளிப்படிகம். அதன் பெரிய ரகசியம் இவ்வளவே: ஒளி புகக்கூடிய இரு பொருள்களை, ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி இடைவெளியில், தவறாத ஒழுங்கோடு மாற்றி மாற்றி அமைப்பது. ஒவ்வொரு வரிசையும் சிறிதளவு ஒளியைத்தான் திருப்புகிறது. ஆனால் எல்லா வரிசைகளும் திருப்பும் அலைகள் ஏற்றத்தோடு ஏற்றமும் இறக்கத்தோடு இறக்கமுமாகச் சேர்ந்துவிடுவதால், அந்த அலைநீளத்து ஒளி உள்ளே நுழையவே இயலாமல் முழுவதும் திரும்பிவிடுகிறது. விழுங்கப்படுவது இல்லை, "இங்கே இடமில்லை" என்று அனுப்பிவைக்கப்படுகிறது. அடுக்கடுக்கான தகடுகளில் இது நிகழும் என்பதை ராலே பிரபு 1887இலேயே காட்டினார். மயில் தோகையின் நீலப் பச்சையும், ஓபல் மணியின் மாறும் நிறங்களும் சாயமில்லாமல் இதே வழியில் வருபவை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் தம் முதிய வயதில் ஓபலை ஆராய்ந்து 1953இல் கட்டுரை எழுதியிருக்கிறார். அதனுள்ளே நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் எலுமிச்சம்பழக் குவியல்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதை 1964இல் ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கண்டு சொன்னது.

ராலேக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1987இல், இருவர் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்தார்கள்: எல்லாத் திசையிலும் ஒழுங்கு அமைத்தால், எத்திசையிலும் ஒளி செல்ல முடியாத பொருள் கிடைக்குமே! ஒருவர் அமெரிக்காவின் எலி யாப்லனோவிச். மற்றவர் கேரளத்தில் பிறந்து, பின்னாளில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியரான சஜீவ் ஜான். யாப்லனோவிச் நியூ ஜெர்சியில் இருந்த பெல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றில் இதைக் கைத்தொழிலாகவே செய்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு வேண்டிய நுண் துளைகளை அன்று போட இயலாது. ஆகவே அலைநீளம் பெரிதான மைக்ரோ அலைகளுக்கு ஏற்றவாறு கட்டிகளில் துளைபோட்டுத் துளைபோட்டு, பல அமைப்புகளைச் சோதித்தார். 1989இல், "கண்டுவிட்டோம்" என்று அறிவித்தார். மறு ஆண்டு கணக்குப் போட்டவர்கள், "அந்த அமைப்பில் தடை முழுமையானதன்று, ஓரிடத்தில் சந்து இருக்கிறது" என்று காட்டினார்கள். அவர்களிலேயே ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹோ, சான், சுகூலிஸ் என்ற மூவர், வைரத்தில் கரி அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தில் உருண்டைகளை அமைத்தால் தடை முழுமையாகும் என்றும் சொன்னார்கள். 1991இல் யாப்லனோவிச் அந்த வைர ஒழுங்கைத் தழுவி, ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்திலிருந்து 35 பாகை சாய்த்து மூன்று திசைகளில் துளையிட்டார். இம்முறை தடை முழுமை பெற்றது.

இந்த வரலாற்றை நாம் பட்டறைக்காரரிடம் சொன்னபோது, அவர் முகத்தில் முதன்முறையாக ஓர் ஆர்வம் தெரிந்தது. "சாய்ச்சுத் துளை போடுறது லேசில்லை, சாமி. பிட்டு வழுக்கும்" என்றார்.

இன்றைய ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பயன்படுவது கட்டி அன்று, தகடு. கால் மைக்ரான் அளவே கனமுள்ள சிலிக்கன் தகட்டில், ஏறத்தாழக் கால் மைக்ரான் விட்டமுள்ள துளைகளை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.42 மைக்ரான் வீதம், தேனடைபோல் முக்கோண ஒழுங்கில் இடுகிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்களவில் நூறு துளைக்கு மேல் அடங்கும். சிலிக்கன் நம் கண்ணுக்கு இருண்ட பொருள். ஆனால் தொலைபேசி இழைகளில் ஓடும் 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி. பக்கவாட்டில் துளைகளின் ஒழுங்கு ஒளியைத் தடுக்கிறது. மேலும் கீழும், நாம் பள்ளியில் படித்த முழு அகப் பிரதிபலிப்பு தடுக்கிறது.

இனி இந்தத் துளைக்காட்டில் ஒரு வரிசையை மட்டும் துளைக்காமல் விட்டுவிடுங்கள். ஒளிக்கு இருபுறமும் செல்ல வழியில்லை. விட்டுப்போன வரிசை ஒன்றே பாதை. இதுவே அலைவழி. கண்ணாடி இழையைச் சட்டென மடித்தால் ஒளி வெளியே சிதறிவிடும். இப்பாதையிலோ 90 பாகை முடக்கிலும் ஏறத்தாழ முழு ஒளியும் திரும்பிச் செல்லுமாறு அமைக்கலாம் என்று 1996இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜொயனாபூலஸ் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினர்.

அலைவழியில் ஒளியின் நடையும் மாறுகிறது. தடை தொடங்கும் எல்லைக்கு அருகிலுள்ள அலைநீளங்களில், துளை வரிசைகள் ஒளியை விடாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரண்டடி முன்னே, ஒன்றேமுக்கால் அடி பின்னே என்ற கணக்கில், நம் திருவிழாத் தேர்போல் அது ஊர்கிறது. 2005இல் ஐ.பி.எம். ஆய்வகத்தார் இவ்வாறு ஒளியின் வேகத்தை 300 மடங்குக்கு மேல் குறைத்துக் காட்டினர். நடை தளர்ந்தால் நெருக்கம் கூடும். நெருக்கம் கூடினால் நேர் விகிதம் உடையும். 2009இல் ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் இத்தகைய மெது வழியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைச் செலுத்தியபோது, மூன்று ஒளித்துகள்கள் ஒன்றாகி, சிலிக்கன் தகட்டிலிருந்து பச்சை ஒளி கண்ணுக்குத் தெரியும்படி கசிந்தது. சிலிக்கன் பச்சையாக ஒளிர்ந்ததென்று படித்தபோது நாம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தோம்.

பாதையைப் பார்த்தோம், இனி அறை. துளைக்காட்டின் நடுவே, அடுத்தடுத்த மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்டால், நாற்புறமும் அடைபட்ட ஒரு சிற்றறை கிடைக்கிறது. அதற்கென்று ஒரு சுருதி உண்டு. அச்சுருதிக்கு இசைந்த ஒளியை மட்டுமே அது ஏற்று வைத்துக்கொள்ளும். நம் கோவில் மணியை ஒருமுறை இழுத்துவிட்டால் நெடுநேரம் ஒலிக்கிறது. மரப்பலகையைத் தட்டினால் அப்போதே அடங்குகிறது. ஒலி தங்கும் இந்தத் திறனை ஓர் எண்ணால் குறிப்பர். அதற்குத் தரக் காரணி என்று பெயர்.

மூன்று துளை அறையை முதலில் செய்தபோது அதன் தரக் காரணி எதிர்பார்த்த அளவு உயரவில்லை. சுவரை மேலும் இறுக்கமாக்கியும் பயனில்லை. 2003இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுசுமு நோடாவின் குழு காரணத்தைக் கண்டது. ஓடும் பேருந்தைச் சட்டென நிறுத்தினால் நிற்பவர் தூக்கி எறியப்படுவார். அதுபோல, ஒளி திடீரென்று முடியும் சுவரில் மோதும்போது ஒரு பங்கு மேலே தெறித்து வெளியேறிவிடுகிறது. ஆகவே சுவரை இறுக்காமல் இளக்கினார்கள். அறையின் இரு கோடியிலும் உள்ள துளைகளை 60 நானோமீட்டர் அளவு வெளிப்புறம் நகர்த்தினார்கள். அவ்வளவே. ஒளி படிப்படியாகத் தணிந்து திரும்பியது. தரக் காரணி 45,000க்கு ஏறியது. ஒளியை உறுதியாகப் பிடிக்க வேண்டுமானால் மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பது அன்றுமுதல் இத்துறையின் பாலபாடமாயிற்று. பின்னர் இந்த எண் பத்து லட்சத்தையும், அண்மைக் காலத்தில் ஒரு கோடியையும் தாண்டியிருக்கிறது.

பத்து லட்சம் என்றால் என்ன பொருள்? இந்த ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 193 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. அறைக்குள் புகுந்த ஒளி தணிவதற்குள் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நானோ விநாடிக்குச் சற்றுக் குறைவு. அது சொற்ப நேரம் என்று தோன்றலாம். வெளியே விட்டிருந்தால் அதற்குள் ஏறக்குறைய ஓரடி தூரம் ஓடியிருக்கும். இங்கே ஒன்றிரண்டு மைக்ரான் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது பாதையையும் அறையையும் சேர்த்து அமையுங்கள். ஓர் அலைவழி, அதன் நடுவே அறை, அறைக்கு அப்பால் பாதை தொடர்கிறது. ஒளி அக்கரை செல்ல வேண்டுமாயின் அறையின் வழியாகவே செல்ல வேண்டும். அறையின் சுருதியைவிட மிகச் சிறிதளவு தாழ்ந்த சுருதியுள்ள ஒளியை அனுப்புகிறோம் என்க. சுருதி சேராததால் அறை அதனை ஏற்பதில்லை, ஒளி திரும்பிவிடுகிறது. கதவு அடைத்திருக்கிறது. ஒளியின் வலிமையை மெல்லக் கூட்டுகிறோம். ஓரளவு ஒளி எப்படியோ உள்ளே கசிகிறது. கசிந்த ஒளி, ஜான் கெர் கண்ட வழியில், அறையின் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே உயர்த்துகிறது. உயர்ந்ததும் அறையின் சுருதி தாழ்ந்து, வரும் ஒளியின் சுருதியை நெருங்குகிறது. நெருங்கியதால் இன்னும் அதிக ஒளி புகுகிறது. அதனால் சுருதி இன்னும் தாழ்கிறது. ஒரு கட்டத்தில் இது தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போய், கதவு திடீரென்று முழுவதும் திறந்துவிடுகிறது.

இனி வலிமையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கதவு திறந்த அதே அளவில் அது மூடுவதில்லை. வாசலில் கூட்டம் நிற்கும்வரை ஸ்பிரிங் கதவு சாத்திக்கொள்ளாததுபோல், உள்ளே நிறைந்திருக்கும் ஒளியே கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெகுவாகக் குறைந்த பின்னரே மூடுகிறது. ஆகவே இடைப்பட்ட ஓர் அளவில் ஒளி வந்துகொண்டிருக்கும்போது, கதவு திறந்தும் இருக்கலாம், மூடியும் இருக்கலாம். சற்றுமுன் நடந்தது எது என்பதைப் பொறுத்தது அது. அறை நடந்ததை நினைவில் வைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். இந்த இருநிலைத் தன்மையைச் சோடிய ஆவியில் 1976இல் பெல் ஆய்வகத்தில் கண்ட மூவரில், இந்தியாவில் பிறந்த வெங்கடேசனும் ஒருவர். அதனையே ஒளிப்படிக அறையில், சாதாரண லேசர் பேனா தரும் சில மில்லிவாட் சக்தியில் நடத்தலாம் என்று 2002இல் எம்.ஐ.டி.யில் மாரின் சோல்யாசிச் முதலானோர் கணக்கிட்டனர்.

அறையின் தரக் காரணி பத்து மடங்கு உயர்ந்தால் தேவையான சக்தி நூறு மடங்கு குறைகிறது. ஒளி பத்து மடங்கு நேரம் தங்குவதோடு, சுருதியின் கூர்மையும் பத்து மடங்காவதால், அதனை மாற்றப் பத்தில் ஒரு பங்கு மாற்றமே போதும். இரண்டும் பெருகி நூறாகிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. நெடுநேரம் வைத்திருக்கும் அறை சீக்கிரம் விடாது. பத்து மடங்கு சிக்கனம் தேடினால் வேகம் குறைகிறது. இந்த இழுபறியிலிருந்து யாரும் முழுவதும் தப்பவில்லை.

சிலிக்கனுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒளி மிக நெருங்கியதும், இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகின்றன. அப்படி விடுபட்ட எலக்ட்ரான்கள் ஒளிவிலகல் எண்ணைத் தாழ்த்துகின்றன; பின்னால் எழும் வெப்பமோ அதனை உயர்த்துகிறது. ஒன்று சுருதியை மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்கிறது. இதைத் தொல்லை என்று விலக்காமல் கருவியாக்கியவர்கள் ஜப்பானின் என்.டி.டி. ஆய்வகத்து மசாயா நோட்டோமி குழுவினர். முதலில் வெப்பத்தைக் கொண்டும், பிறகு அதைவிட வேகமான எலக்ட்ரான்களைக் கொண்டும் கதவைத் திறந்து மூடினார்கள். 2010இல் அவர்கள் சிலிக்கனை விட்டு வேறொரு குறைகடத்தியில் செய்த அறையில், கதவைத் திறக்கச் சில ஆயிரம் ஒளித்துகள்களே போதுமாயின. வேலை முடிய ஆன நேரம் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு. 2012இல், 30 நானோவாட் அளவு சக்தியோடு, வந்த செய்தியைப் பிடித்து வைக்கும் ஒளி நினைவறைகள்; 2014இல், அத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் ஒரே தகட்டில்.

ஆகவே, "ஒளியை ஒளி ஒருபோதும் தடுக்காது" என்று நாம் எழுதியது பிழை. "காற்றில், சாதாரண வலிமையில் தடுப்பதாகத் தெரியாது" என்று எழுதியிருக்க வேண்டும். வெற்றிடத்திலும்கூட ஒளியை ஒளி மிக மிக அபூர்வமாகச் சிதறடிப்பதன் சான்றை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2017இல் வெளியிட்டது. "ஒருபோதும்" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

அதற்காக, ஒளியாலேயே இயங்கும் கம்ப்யூட்டர் நாளை கடைக்கு வரும் என்று இன்னொரு பிழையை எழுதிவிடவும் மாட்டோம். நூறு அறைகள் எங்கே, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் எங்கே! ஒளி நினைவறைக்கு ஓயாமல் ஒளி ஊட்ட வேண்டும். நிறுத்தினால் நினைவு போயிற்று. ஒவ்வோர் அறையின் சுருதியும் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சிறிது சூடானாலே நகர்ந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அப்பெண்ணே நமக்கு எழுதியிருந்தார். தம் துறையின் குறைகளைத் தாமே முதலில் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவையும் ஒரு ஞாயிறு மாலை பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் தந்தைக்குப் படித்துக் காட்டினோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த துளைகளின் படத்தையும் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். தம் பட்டறையில் பத்து மைக்ரானுக்குள் வேலை நிற்பதே பெரும்பாடு என்றார். பிறகு, ஒளியைப் பற்றி ஒன்றும் கேளாமல், "உள் சுவரு வழுவழுப்பா வருதா, சாமி?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்கு எழுதியனுப்பினோம். அவர் எழுதிய விடை: "அப்பா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். துளைகளின் உருவத்தை எலக்ட்ரான் கதிரால் வரைந்து, வாயுப் பிளாஸ்மாவால் அரித்து எடுக்கிறோம். சுவர் எப்போதும் சில நானோமீட்டர் சொரசொரப்பாகவே வருகிறது. அந்தச் சொரசொரப்பில் ஒளி சிதறுகிறது. ஒளியின் நடை எவ்வளவு மெதுவோ, அவ்வளவு அதிகமாகச் சிதறுகிறது. பின்னோக்கித் திரும்பும் பங்கு, நடை பாதியானால் நான்கு மடங்காகிறது. நான் ஆராயப்போவதில் பாதி அதுவே."

கடிதத்தை அவரிடம் கொடுத்தோம். படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சம்மதமா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது திரும்பி, அந்தத் துளை போடுகிற இயந்திரத்தைப் பார்க்க வெளியாட்களை விடுவார்களா என்று மட்டும் கேட்டார். தூசி புகாத அறை, கண்ணாடிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம் என்று மகள் சொல்லியிருப்பதாகச் சொன்னோம். "கண்ணாடி வழியா பார்த்தா போதும்" என்றார்.